கத்திரி வருவதற்கு முன்

என் மகளின் தலைமுடியை நான்தான் வெட்டினேன். அவள் அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டிக்குள் கிடந்தது. அவள் அத்தை ஆக்லாந்தில் இன்னும் விமானம் ஏறியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வெட்டினேன். ஊரில் பாதிப் பேர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர், பாவம், புருஷன் செத்த துக்கத்தில் செய்துவிட்டாள் என்று மன்னித்தார்கள். துக்கம் எல்லாம் இல்லை. தெளிவாகத்தான் இருந்தேன்.

எங்கள் டோங்காவில் ஒரு வீட்டில் அப்பாவின் அக்காவுக்கு மேல் ஆள் கிடையாது. அவள் கேட்டால் பாயைச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். பன்றியைக் கட்டிக் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கேட்டால் பிள்ளையையும் கொடுக்க வேண்டும். தம்பி செத்தால் பெட்டியின் தலைமாட்டில் உட்காருவது அவள். தம்பி பிள்ளைகளின் முடியை வெட்டுவதும் அவள். வெட்டிய முடியை அப்பாவின் காலடியில் வைத்துப் பெட்டியை மூடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்து அழலாம்.

என் நாத்தனார் பெயர் வாசிதி. என் மூத்த மகன் செமிசிக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது ஆக்லாந்திலிருந்து வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மடியில் இருந்த பையனைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "இவன் எங்கப்பா ஜாடை. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். என் கணவர் சொசாயா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா இருக்கும் அறையில் தம்பி அதிக நேரம் நிற்கக் கூடாது என்பதும் எங்கள் மரியாதைதான். சௌகரியமான மரியாதை.

"உனக்கென்ன லெசி, இன்னொண்ணு பெத்துக்குவ" என்றாள் என் நாத்தனார், பையனின் துணிகளை நான் மடித்துக்கொண்டிருந்தபோது.

விமானம் போன பிறகு ஒரு வாரம் மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்று வருடம் கழித்து அந்த இன்னொன்று பிறந்தது. மெலியானே.

பள்ளிக்கூடத்தை நாலாம் படிவத்தில் விட்டவள் நான். நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையில் இருபது வருடமாக இரவு வேலை. மாவு பிசைவது, அச்சில் போடுவது, அடுப்பிலிருந்து இழுப்பது, அடுக்குவது. விடிகிற நேரத்தில் வேன் என்னை எங்கள் ஊர் கொலோவாயில் இறக்கிவிடும். கோயில் மணி அடித்து ஓய்ந்திருக்கும். வௌவால்கள் சவுக்கு மரத்துக்குத் திரும்பி இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் போவதற்கு முன்பு முற்றத்தைக் கூட்டுவேன். ஈரப்பலா இலை ஒரு ராத்திரியில் அவ்வளவு உதிரும். கூட்டாத முற்றத்தைப் பார்த்தால் எங்கள் ஊர் பேசும். கூட்டிய முற்றத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு கெட்டிலை அடுப்பில் வைப்பேன். பிறகு தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பாயில் உட்காருவேன். மெலியானே தூக்கத்தோடு வந்து எனக்கு முதுகு காட்டி உட்காருவாள்.

நான் தூங்கும்போது அவள் பள்ளியில் இருப்பாள். அவள் தூங்கும்போது நான் ரொட்டிக் கடையில் இருப்பேன். நடுவில் எங்களுக்கு இருந்தது அந்த அரை மணி நேரம்தான். எண்ணெய், சீப்பு, இரண்டு பின்னல், பச்சை ரிப்பன்.

"ஆடாத."

"நான் எங்க ஆடுறேன். நீதான் இழுக்குற."

"இழுக்காம பின்னுனா பத்து மணிக்கெல்லாம் அவுந்துரும். உங்க டீச்சரம்மா வெளிய நிறுத்திடுவா."

"நிறுத்தட்டும். உன் கையெல்லாம் ஈஸ்ட் நாத்தம்மா. என் தலைக்குள்ள ரொட்டி வேகுதுன்னு கிளாஸ்ல சொல்றாளுங்க."

"பசிக்கிறவ மோந்துக்கட்டும். நீ ஆடாத."

எட்டு வயதில் தலை முழுக்கப் பேன். மொட்டை அடி, குட்டையாக வெட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கத்திரியைக் கண்டதும் ஈரப்பலா மரத்தில் ஏறிக்கொண்டாள். நான் மூன்று வாரம் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பேன் சீப்பும் கையுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஈராக நசுக்கினேன். பதினேழு வயதில் அந்த முடி அவள் இடுப்பைத் தாண்டியிருந்தது. கோயிலில் மற்ற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதை வளர்த்தது நான் என்றுதான் நினைத்திருந்தேன். வேறு எதையும் நான் வளர்த்து முடித்ததில்லை.

சொசாயாவைப் பற்றி. பெரிய உடம்பு. ஊரிலேயே நேரான வரிசையில் வள்ளிக்கிழங்கு நடுகிறவர் என்று பெயர். சர்க்கரை நோய் வந்தது. முதலில் கால்விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். ஏழு வருடம் தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு அவர் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுத்தான் நான் படுப்பேன். அவர் பாட்டுப் புத்தகப் பையில் கிரீம் பிஸ்கட் ஒளித்துவைப்பார்.

"என்ன இது?"

"யாரோ வெச்சிருக்காங்க."

"யாரு? போதகரா?"

"கர்த்தர் பாத்துக்குவார் லெசி."

"கர்த்தர் உன் காலப் பாத்துக்கல. நான்தான் பாத்துக்குறேன். காட்டு."

சிரிப்பார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனாக இருப்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அப்போது அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அப்பாவின் தலையைத் தொடக் கூடாது. அவர் தட்டில் மிஞ்சியதைத் தின்னக் கூடாது. மெலியானே ஆறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டிலிருந்த கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். கையில் ஓர் அடி போட்டு நான்தான் துப்ப வைத்தேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "தலையும் தொடக் கூடாது, தட்டும் தொடக் கூடாது. அப்பாவுக்கு நான் என்னதான் பண்ணலாம்?"

சொசாயா விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "நான் செத்தா உன் முடியக் குடு. அது போதும் எனக்கு."

"எவ்ளோ முடி?"

"எவ்ளோ வளக்குறியோ அவ்ளோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அவர் மிச்சத்தைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்தார். காய்ச்சல் வந்து மூன்று நாள். நான் வாசிதிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி..."

"தெரியும். ஆஸ்பத்திரியிலேருந்து எங்கிட்டச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றோம், நானும் செமிசியும். சனிக்கிழமை அடக்கம். போதகர்கிட்டயும் பேசிட்டேன்."

"சரி அண்ணி."

"பொண்ணு தலைய யாரும் தொடக் கூடாது. கத்திரி நான் எடுத்தாறேன். அப்புறம் லெசி, திரும்பும்போது அவளயும் கூட்டிட்டுப் போறேன். அப்பன் இல்லாம அங்க என்ன பண்ணும் அது? நீ ராத்திரியெல்லாம் வேலைக்குப் போயிடுற. இங்க வந்து படிக்கட்டும்."

"சரி அண்ணி."

போனை வைத்த பிறகும் காதில் அந்த இரண்டு "சரி"யும் இருந்தன. பதினேழு வருடத்தை நான் கொடுத்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் வீட்டில் ஆள் நிறைந்தது. முன்னறையில் மரப்பட்டைத் துணியும் பாய்களும் விரித்தார்கள். பின்பக்கம் கொட்டகை போட்டுச் சமையல். என் சித்தி மகள் காலோதான் அடுப்புக்குத் தலைமை. சாவு வீட்டில் பெண் கொடுத்தவர்களின் ஆட்கள் பின்னால் புகையில்தான் கிடக்க வேண்டும். காலோவுக்கு அது பிடிக்கும். அங்கேதான் வாய் திறந்து பேச முடியும்.

"லெசி, உன் நாத்தனார் வர்றதுக்குள்ள அந்தப் பன்னிங்களக் குளிப்பாட்டி வரிசையா நிறுத்து. மரியாதை இல்லாம உறுமுதுங்க."

"நீயே சொல்லு. உன் பேச்சத்தான் கேக்கும்."

"போன தடவ வந்தப்ப நான் இடுப்புல சுத்தியிருந்த பாயப் பாத்து 'அழகா இருக்கே காலோ'ன்னா. அவ்ளோதான். சுருட்டிக் குடுத்துட்டு வெறும் இடுப்போட வந்தேன். இந்த தடவ அவ முன்னாடி சிரிக்கவே மாட்டேன்பா."

"ஏன்?"

"பல்லு அழகா இருக்குன்னு சொல்லிட்டான்னா?"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு காலோ என் பக்கத்தில் குந்தி, கிழங்கு சீவிக்கொண்டே குரலைத் தணித்தாள்.

"பொண்ணையும் கேட்டாளாமே?"

"கேக்கல. சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"வேற என்னத்தச் சொல்ல முடியும் நாம" என்று சீவிய தோலைப் பன்றிகளிடம் எறிந்தாள்.

அந்த "நாம" என்ற வார்த்தைதான் என்னைக் குத்தியது. அவளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் வீட்டில் இருக்கின்றன.

அந்த இரண்டு நாள் காலையிலும் மெலியானேவுக்குத் தலை வாரினேன். பள்ளிக்கு அவள் போகவில்லை, இருந்தாலும் பழக்கம். ஒரு முறை கேட்டாள்: "அத்தை வெட்டும்போது பின்னலோடவா, அவுத்து விட்டா?"

"ஏன் கேக்குற?"

"பின்னலோடன்னா அப்படியே வெக்கலாம். கலையாது."

அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. முந்தின நாள் முழுக்க, சாவுக்குப் பாட வந்தவர்களுக்கு டீ கொடுத்து அவள் ஓய்ந்திருந்தாள். வழக்கம்போல வந்து முதுகு காட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எண்ணெய் தடவினேன். வாரினேன். இரண்டாகப் பிரித்துப் பின்னினேன். நுனியில் கட்டினேன். பிறகு ரொட்டிக் கடை மாவு மூட்டையிலிருந்து பிரித்த நூலை எடுத்து, கழுத்துக்குப் பக்கத்திலும் இறுக்கிக் கட்டினேன். துணி வெட்டும் கத்திரி என் பாய்க்கு அடியில் இருந்தது. நான்தான் புதன்கிழமையே அங்கே வைத்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், துக்கம் இல்லை என்று.

என் கணக்கு எளிமையானது. மகனைக் கொடுத்துவிட்டேன். மகளையும் கொடுக்கப் போகிறேன். இந்த முடியை மட்டும் அவள் கை தொடக் கூடாது. தம்பி பெண்ணின் தலை மொட்டையாக நின்றால் வாசிதி ஊர் முன்னால் வெறுங்கையோடு உட்கார வேண்டியிருக்கும். அவமானத்தில் கோபித்துக்கொண்டு பெண்ணை விட்டுவிட்டுப் போனாலும் போவாள். அப்படியும் ஒரு நினைப்பு இருந்தது.

பின்னலை வெட்டுவது லேசில்லை. நனைந்த கயிற்றை அறுப்பதுபோல நான்கைந்து முறை நெரிக்க வேண்டும். இரண்டாவது நெரிப்பிலேயே அவள் விழித்துவிட்டாள். முதுகு விறைத்தது தெரிந்தது. ஆனால் நகரவில்லை. ஆடாதே ஆடாதே என்று சொல்லிச் சொல்லி நான்தான் பழக்கியிருந்தேன்.

இரண்டாவதையும் வெட்டினேன்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தடவினாள்.

"ரெண்டுமா?"

"ஆமா."

"எங்கிட்டக் கேக்கவே இல்லயேம்மா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

அவள் எழுந்தாள். சாவு வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த பெரிய கிழிந்த பாயை எடுத்து இடுப்பில் சுற்றினாள். பெற்ற பிள்ளைகள் அணியும் பாய் அது, முன்பக்கம் முகம்வரை வரும். கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். நான் பின்னல்களைச் சதுர பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கெட்டில் விசிலடித்தது. போய் இறக்கினேன்.

பெட்டியும் வாசிதியும் ஒன்றாகவே வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் செமிசி. என்னைவிட இரண்டு தலை உயரம். சொசாயாவின் தோள். குனிந்து என் கன்னத்தில் கன்னம் வைத்தான். "தைரியமா இருங்க, லெசி அம்மா" என்றான். அம்மா என்று அவன் கூப்பிடுவது அவளைத்தான். என்னைப் பெயரோடு சேர்த்து அம்மா என்பான். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல.

வாசிதி தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் கால்மாட்டில். பாட்டு நடந்துகொண்டிருந்தது. கைப்பையிலிருந்து புதுத் துண்டில் சுற்றிய கத்திரியை எடுத்து மடியில் வைத்தாள். "வா கண்ணு" என்றாள். மெலியானே முழங்காலில் நகர்ந்து போனாள். அத்தை அவள் தலைத் துணியை விலக்கினாள்.

முன் வரிசையில் பாட்டு நின்றது. பின் வரிசைக்காரர்கள் தெரியாமல் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்தினார்கள்.

"யாரு?" என்றாள் வாசிதி.

நான் வாயைத் திறந்தேன். அதற்குத்தானே இத்தனையும் செய்தேன். நான்தான் என்று ஊர் முன்னால் சொல்லும் அந்த ஒரு நிமிஷத்துக்காக.

"நான்தான் அத்தை" என்றாள் மெலியானே. "நானே வெட்டிக்கிட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வாசிதி அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் முழு நீளத்தையும் தாண்டி என்னைப் பார்த்தாள். "தன் தலையத் தானே இவ்ளோ பக்கத்துல வெட்டிக்க முடியுமா ஒருத்தியால?" என்று மெதுவாகச் சொன்னாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் திருப்தியாவது மிஞ்சியிருக்கும். "பரவாயில்ல. முடி எங்க கண்ணு? அப்பாகிட்ட வெக்கணுமே."

மெலியானே என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போய் எடுத்து வா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். டின் பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. நடுவில் ஒரு தட்டி.

"எரிச்சாச்சு அண்ணி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எடுத்து வந்திருந்தால் வாசிதி அதைக் கையில் வாங்கியிருப்பாள். அது என்னால் முடியவில்லை. வேறு காரணம் இல்லை.

மெலியானே கண்ணை மூடிக்கொண்டாள். வாசிதி அவள் கழுத்துக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க கோணலா நிக்குது. சரி பண்ணட்டுமா கண்ணு? வேணாம்னா விட்டுடுறேன்."

மெலியானே தலையசைத்தாள். கத்திரி மூன்று முறை சத்தம் போட்டது. விழுந்ததை வாசிதி கைக்குட்டையில் பொறுக்கினாள். அரை விரல் நீளம்கூட இல்லை. தாடி மழித்ததுபோல இருந்தது. அதை மடித்து மெலியானேவின் கையில் கொடுத்தாள். அவள் என் பக்கம் நகர்ந்து வந்து, அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரு காலுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

சனிக்கிழமை அடக்கத்தில் போதகர் என் பொறுமையைப் பற்றிப் பேசினார். ஏழு வருடம் முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவியவள், பத்தொன்பது வருடம் இரவு உழைத்தவள், நம் பெண்கள் லெசியெலியைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று என் முழுப்பெயரைச் சொல்லி முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். முகம் சுளித்தேனா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

பத்தாம் நாள் எங்கள் வழக்கப்படி கல்லறையில் வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் பரப்பிவிட்டு வந்தோம். மறுநாள் காலை நான் முற்றம் கூட்டி முடித்து உள்ளே வந்தபோது மெலியானே சமையல்கட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தாள். முதுகு காட்டியில்லை, என்னைப் பார்த்து.

"அத நீ எரிக்கலன்னு தெரியும். முடி எரிஞ்சா நாத்தம் வந்திருக்கும்."

"அன்னிக்குச் சமையல் பொகையில உனக்கு எங்க தெரியப்போவுது."

"குடும்மா. நான் போயி கல்லறையில தோண்டி வெச்சிட்டு வர்றேன். அத்தைக்குத் தெரிய வேணாம்."

"எரிச்சிட்டேன்னு சொன்னேன்ல."

அவள் கழுத்துக்குப் பின்னால் தடவிக்கொண்டாள்.

"நாளைக்கு அத்தைகூடப் போறேன்."

"அவ கூப்பிட்டா உடனே போயிடுவியா? உங்கண்ணன இடுப்புலேருந்து பிடுங்கிட்டுப் போனவ அவ. உன்ன அவகிட்டேருந்து காப்பாத்தத்தான் நான்..."

"என் முடியக் காப்பாத்துன. சரி." குரலை உயர்த்தவே இல்லை. "ஆறு வயசுலேருந்து அப்பாவுக்குன்னு வளத்தேன். பேன் வந்தப்பக்கூட வெட்ட விடல. உனக்குத் தெரியாதா? நீ அங்கதான இருந்த. இப்ப அப்பாவுக்கு நான் என்ன குடுத்தேன்? சொல்லு. ஒரு கைக்குட்ட தூசி."

"அத வளத்தது நான்டீ. இந்தக் கையி."

"தலை என்னுதும்மா."

கெட்டில் விசிலடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அத்தை எங்கிட்ட டிக்கெட் போடட்டுமான்னு கேட்டாங்க" என்றாள். "வேணாம்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்னாங்க. ரெண்டு நாள் யோசிச்சு நான்தான் போடுங்கன்னேன். யாரும் பிடுங்கிட்டுப் போகல."

விமான நிலையத்துக்குக் காலோதான் வண்டி ஓட்டினாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவள் திரும்பி வரும்போது வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கு வேலைக்குப் போவியா?" என்று மட்டும் கேட்டாள். போவேன் என்றேன்.

இது நடந்து பதினாலு மாதம் ஆகிறது. மெலியானே அங்கே நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். போட்டோ அனுப்புகிறாள். முடியைக் காதுவரைதான் வைத்திருக்கிறாள், கழுவச் சுலபம் என்கிறாள். ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்து போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, முதுகுவலி எப்படி, பன்றி குட்டி போட்டதா. ஒழுங்காகக் கேட்கிறாள். பழக்கத்தை விடாதவள், என்னைப்போல.

போன ஞாயிறு பேச்சு முடிகிற சமயத்தில், "ஒண்ணு கேக்கட்டாம்மா?" என்றாள்.

"கேளு."

"அது இன்னும் உங்கிட்டத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் சண்ட போடல. நீயே கொண்டுபோயி அப்பாகிட்ட வெச்சிடுறியா? நீ வெச்சாப் போதும். அத்தை வேணாம், நான் வேணாம். நீயே வெச்சிடு."

ஊரே அமைதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கோடாரிச் சத்தம்கூடக் கேட்காது.

"எப்பவோ வெச்சிட்டேன்" என்றேன்.

"நெஜமாவா?"

"நீ போன வாரமே. காலடியில தோண்டி, ரெண்டையும் சேத்து வெச்சேன்."

அந்தப் பக்கம் அவள் அழுதாள். அப்பா செத்ததிலிருந்து அவள் அழுது நான் கேட்கவில்லை. நீளமாக அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "தேங்க்ஸ்மா" என்றாள். "உன்னப் பத்தி நான் ரொம்ப தப்பா நெனச்சிருந்தேன்."

"சரி, போயி தூங்கு" என்றேன்.

மறுநாள் ராத்திரி வேலைக்குப் போனேன். விடிகிற நேரத்தில் வேன் இறக்கிவிட்டது. முற்றத்தைக் கூட்டினேன். கெட்டிலை வைத்தேன். டின்னை எடுத்துவந்து சமையல்கட்டுப் பாயில் உட்கார்ந்து திறந்தேன். எண்ணெய் வாசனைக்கு ராத்திரி எறும்பு ஏறியிருந்தது, எப்போதும் ஏறும். ஒவ்வொன்றாகத் தட்டினேன். நுனிக்கட்டை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு, சீப்பால் வாரி, இழுத்துப் பின்னினேன். முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று. அரை மணி நேரம் ஆனது.